கழற்ற முடியாத சிம்

“நான் கள்ளன் இல்லை அக்கா. இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ள இதை மட்டும் நிரூபிச்சுக் காட்டிப்போடுங்கோ. பிறகு நான் செத்தாலும் பரவாயில்லை.”

“சாகப் போறவருக்கு எதுக்குங்க நிரூபணம்?” என்றேன் நான்.

சந்திரகலா மேடம் என்னைப் பார்த்த பார்வையில் நாற்காலியோடு இரண்டடி பின்னால் போனேன்.

வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்கு எதிரே, ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். கீழே ரோல்ஸ் பொரிக்கும்போது மேலே யாருக்கும் மூளை வேலை செய்யாது. மேடம் கோயம்புத்தூர்க்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குக் காட்டுகிறவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாக லைசென்ஸ் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர். நான் நரேன், திருச்சி, அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவதும் அதிகமாகப் பேசுவதும் என் வேலை. பேசாமல் கேட்பது அவர் வேலை.

எதிரில் இருந்தவர் சுஜீதன். ஸ்டேஷன் பக்கத்தில் போன் திருத்துகிற சின்னக் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துப் பையன். ஆள் நல்ல உயரம், ஆனால் அன்றைக்கு உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“முதல்லேருந்து சொல்லுங்க. என்ன திருடு போச்சு?” என்றார் மேடம்.

“ஒரு இ-சிம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுல திருடுறதுக்கு என்னங்க இருக்கு? தகடு கிடையாது, துளை கிடையாது.”

“அதுதானே அண்ணை பிரச்சினை!” என்று பொங்கினார் சுஜீதன். “சச்சிதானந்தன் அங்கிள் புது டேப்லெட் ஒண்டு வாங்கினவர். வீட்டில மட்டுமில்லை, ரோட்டிலையும் ரெயினிலையும் நெட் வேணும் எண்டு கேட்டவர்.”

“சச்சிதானந்தன்னா, கல்யாணத் தரகரா?”

“ஓம். சிட்னியில பாதிப் பேருக்கு அவர்தான் பேசிச் செய்து வைச்சவர். எல்லாற்றை சாதகத்தையும் படத்தையும் டேப்லெட்டில வைச்சு, நிண்ட இடத்திலையே காட்ட வேணுமாம். நான் கடையில வைச்சு இ-சிம் போட்டுக் குடுத்தனான். கொம்பனி ஒரு க்யூஆர் கோட் அனுப்பும். அதை டேப்லெட்டின்ரை கமராவால ஸ்கான் பண்ணவேணும். கோட் அதே டேப்லெட்டுக்குள்ள இருந்தா அது தன்னைத் தானே பாக்கேலாது. அதனால பேப்பரில பிரிண்ட் எடுத்து முன்னால பிடிச்சனான். கடை வைஃபையில சிம் இறங்கிச்சுது. பிறகு வைஃபையை நிப்பாட்டிப்போட்டு, அங்கிளுக்கு முன்னாலேயே வீடியோ போட்டுக் காட்டினனான். வடிவா ஓடிச்சுது.”

“அப்புறம்?”

“போன கிழமை வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரிக் கன்ரீனில, ஒரு டொக்டர் மாப்பிள்ளையின்ரை படத்தைப் பெண் பகுதிக்குக் காட்ட எண்டு திறந்திருக்கிறார். ஒண்டும் இல்லை. நெட்டும் இல்லை, சிம்மும் இல்லை. சனத்துக்கு முன்னால அவருக்கு வெக்கமாப் போச்சு. பிறகு போனில பாத்தா, அந்தச் சிம்மை ஆரோ நாளாந்தம் பாவிக்கினம்! நான்தான் ரகசியமா என்ரை மெஷினுக்கு மாத்திப்போட்டன் எண்டு வாட்ஸ்அப் குறூப்பில வொய்ஸ் போட்டிட்டார். ‘களவெடுத்த பொடியன்’ எண்டு பேரைச் சொல்லியே போட்டிட்டார்.”

“அதுக்கப்புறம் அந்த டேப்லெட்டை நீங்க பாத்தீங்களா?”

“தொடவே விடேல்லை அக்கா.”

“ஆறு மணின்னீங்களே, அது என்ன?”

சுஜீதன் தலையைக் குனிந்துகொண்டார். “எனக்கும் அவர்தான் கலியாணம் பேசினவர். நிரூபா. ரெண்டு பகுதிக்கும் விருப்பம், முடிஞ்ச மாதிரித்தான். இப்ப அவவின்ரை அம்மா அந்த வொய்ஸைக் கேட்டிட்டா. இண்டைக்கு ஆறு மணிக்குத் தரகரைக் கூப்பிட்டு ‘வேண்டாம்’ எண்டு சொல்லப்போறாவாம்.” பிறகு நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். “எனக்கு அந்தப் பிள்ளையை உண்மையா விருப்பம் அக்கா.”

இதற்கு நகைச்சுவை சொல்ல எனக்கே மனம் வரவில்லை. மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“நீங்க கடையைத் திறந்து வையுங்க, சுஜீதன். நரேன், கார்.”

*

சச்சிதானந்தன் அங்கிள் வீட்டு வாசலிலேயே விபூதி வாசம் வந்தது. மனிதர் வீட்டுக்குள்ளும் இஸ்திரி போட்ட சட்டைதான் போடுவார் போலிருக்கிறது. எங்களை யார் அனுப்பினார்கள் என்று சொன்னதும் அவர் புருவம் மேலே போனது.

“அந்தப் பொடியனோ? நல்ல பிள்ளை எண்டு நம்பித்தான் சாதகத்தையே கையில எடுத்தனான். இஞ்ச பாருங்கோ, பிள்ளை!” என்று தன் போனை மேடத்திடம் நீட்டினார். “ஒவ்வொரு நாளும் என்ரை நெட்டைக் குடிக்கிறான்.”

சிம் கம்பெனியின் ஆப்பில் நாளுக்கொரு தூண் நின்றது. திங்கள் உயரம், செவ்வாய் உயரம், அப்படியே சனி வரைக்கும் உயரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெறுந்தரை. அடுத்த திங்கள் மறுபடி உயரம்.

“ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குற திருடன்” என்றேன். “யூனியன்ல சேர்ந்திருப்பான் போல.”

“சுஜீதன் கடை ஞாயித்துக்கிழமை திறந்திருக்குமே?” என்றார் மேடம்.

“அண்டைக்குத்தான் அவனுக்குச் சனம் கூட” என்று ஒப்புக்கொண்டார் அங்கிள். பிறகு சுதாரித்துக்கொண்டு, “அதுக்காக?” என்றார்.

“வாரத்துல ஆறு நாள் வந்து ஞாயித்துக்கிழமை வராதது என்ன நரேன்?”

“தபால். அப்புறம்... சீரியல்!”

மேடத்தின் கண் சாமி அலமாரிக்குப் போயிருந்தது. முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கறுப்புக் கட்டங்கள் நிறைந்த ஒரு காகிதம் இருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடித்துப் பூசியிருந்தது.

“அங்கிள், அது அந்த க்யூஆர் கோடா?”

“ஓம். சிம் காணாமல் போனவுடன அதை எடுத்துத் திரும்ப ஸ்கான் பண்ணிப் பாத்தன். அசையேல்லை.”

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். கோடின் மூன்று மூலைகளிலும் இருக்கவேண்டிய பெரிய சதுரங்கள் மஞ்சளுக்குள் மூழ்கி, மை கரைந்து, பச்சையும் பழுப்புமாக வழிந்திருந்தன.

“அந்த மூணு சதுரம்தான் அங்கிள் கோடுக்கு அடையாளம்” என்றேன். “அதைத் தேடித்தான் கேமரா படிக்கும். நீங்க சரியா அது மேலயே பூசி வச்சிருக்கீங்க.”

“புதுச் சாமானுக்கு மஞ்சள் வைக்காமல் விடுறதோ? கலியாண அழைப்பிதழுக்கு நாலு மூலையிலையும் வைக்கிறதில்லையோ?”

“பூசாம இருந்திருந்தாலும் வேலை செய்யாது” என்றார் மேடம். “அந்தக் கோடை ஒரு தடவை போட்டா அதோட சரி. ஆனா அங்கிள், பேப்பருக்கே மஞ்சள்னா டேப்லெட்டுக்கு என்ன செஞ்சீங்க?”

அங்கிளுக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. “நேரே பிள்ளையார் கோயில்! பொடியன் பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னவன். நான் வேண்டாம் எண்டனான். கவரும் வேண்டாம். முதல் பூசை, மற்றதெல்லாம் பிறகு. அண்டைக்கு வெள்ளிக்கிழமை. கடையில இருந்து அப்பிடியே கொண்டுபோய் அர்ச்சனைத் தட்டில வைச்சனான். பிறகு வீட்டை வந்துதான் போட்டனான்.”

“போட்டதும் என்ன காட்டுச்சு?”

“போட்டவுடன ‘ஹலோ’ எண்டுது. என்ன மொழி, எந்த நாடு, வீட்டு வைஃபைக்கு என்ன பாஸ்வேர்ட் எண்டு ஒவ்வொண்டாக் கேட்டுது. ஒருத்தற்றை உதவியும் இல்லாமல் நானே தனிய எல்லாம் போட்டன்” என்றார். அந்தப் பெருமை அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. “பிறகுதான் சாதகம் எல்லாத்தையும் ஏத்தினது.”

அங்கிள் கொடுத்திருந்த தேநீர்க் கோப்பையை மேடம் கீழே வைத்தார். அவர் பாதிக் கோப்பையில் வைத்தால் வழக்கு பாதி முடிந்தது என்று அர்த்தம்.

“அந்த டேப்லெட்டைக் கொஞ்சம் குடுங்க. நரேன், செட்டிங்ஸைத் திற. மொபைல் டேட்டான்னு ஒரு வரி இருக்கும், காட்டு.”

மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன். வைஃபை இருந்தது, புளூடூத் இருந்தது. மொபைல் டேட்டா என்கிற வரி எங்கேயும் இல்லை.

“சிம்மை அழிச்சிருப்பாங்களோ மேடம்?”

“அழிச்சாலும் அந்த வரி போகாது. வீடு காலியானா வாசப்படியும் சேர்ந்தா போயிடும்?” மேடம் அங்கிள் பக்கம் திரும்பினார். “அங்கிள், இது வைஃபை மட்டும் இருக்குற மாடல். இதுல இ-சிம் போடவே முடியாது. இதுலேருந்து யாரும் எதையும் எடுக்கல.”

“என்ன கதைக்கிறீங்கள்? என்ரை கண்ணுக்கு முன்னால அவன் போட்டவன்!”

“போட்டது உண்மை. அப்பவே அந்த டேப்லெட் ஹலோ சொல்லி, மொழி கேட்டு, எல்லாம் முடிஞ்சுது. முதல் தடவை திறக்கும்போதுதான் அப்படிக் கேக்கும். உங்க வீட்டுக்கு வந்து மறுபடியும் ஹலோ சொன்னது, வாங்கினதுலேருந்து யாருமே திறக்காத வேற ஒரு டேப்லெட். கோயில்ல மாறியிருக்கு.”

அங்கிள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். இஸ்திரி கலையாத சட்டைக்குள் மனிதர் திடீரென்று சின்னதாகிவிட்டார்.

“அப்ப நான்... அந்தப் பொடியனைக் கள்ளன் எண்டு ஊர் முழுக்க...”

“ஊர் முழுக்க இல்ல அங்கிள்” என்று ஆறுதல் சொன்னேன். “குரூப்ல இருக்குறவங்களுக்கு மட்டும்தான்.”

“அதிலதான் எல்லாரும் இருக்கினம் தம்பி!”

*

டூங்காபியில் பழைய மண்டபம் ஒன்றைப் புதுப்பித்துக் கட்டிய சின்னப் பிள்ளையார் கோயில் அது. மாலைப் பூசைக்கு முன் குருக்கள் ஐயா பூக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். அங்கிளும் எங்களோடு வந்திருந்தார்.

“டேப்லெட்டோ? ஓம், ஓம்” என்றார் குருக்கள். “அண்டைக்கு ரெண்டு வந்தது. ரெண்டும் கறுப்பு. நல்ல கூட்டம், ஒரே தட்டில வைச்சுச் சந்தனம் வைச்சுத் தீபம் காட்டினனான். அதுக்கு முதல் கிழமை ஒரே தட்டில மூண்டு கார்த் திறப்புச் சாவியும் வந்தது.”

“ரெண்டாவது யாரோடது ஐயா?”

“பேர் நினைவில்லை, பிள்ளை. கேட்டை நட்சத்திரம். மகளின்ரை பேரில அர்ச்சனை. கலியாணம் கெதியில சரிவர வேணும் எண்டு அந்த அம்மா தீபம் அணையுமட்டும் சொல்லிக்கொண்டு நிண்டவ. அதாலதான் நட்சத்திரம் நினைவில நிக்குது.”

“போலீசுக்குக் கைரேகை, நமக்கு நட்சத்திரம்” என்றேன். “சிட்னியில கேட்டை நட்சத்திரம் எத்தனை ஆயிரம் பேரோ. தேடி முடிக்கிறதுக்குள்ள சுஜீதனுக்கு அறுபதாம் கல்யாணமே வந்துடும்.”

மேடம் என்னைக் கண்டுகொள்ளவில்லை. தரகரைத்தான் பார்த்தார். “அங்கிள், இந்த ஊர்ல எந்த வீட்டுல எந்த நட்சத்திரம்னு உங்களைவிடத் தெரிஞ்சவங்க யாரு? இப்போ பேச்சு நடக்குற பொண்ணுங்கள்ல கேட்டை யாரு?”

அங்கிள் கண்களை மூடினார். அவருக்கு டேப்லெட் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றியது.

“கேட்டை... மெல்பேர்னில ஒரு பொடியன், டண்டினொங்கில. அது பொடியன். பெண் எண்டால் போன வருஷம் ஒண்டு, அது முடிஞ்சுது, பிள்ளையும் பிறந்திட்டுது. இப்ப கையில இருக்கிறது...” திறந்த வாய் அப்படியே நின்றது. கண்ணும் திறந்தது. “ஐயோ, பிள்ளையாரே!”

“யாரு அங்கிள்?”

“நிரூபா.”

கோயில் என்பதால் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். திருடன் என்று மாப்பிள்ளையை வேண்டாம் என்று சொல்லப் போகிற வீட்டில்தான் இத்தனை நாளும் அந்தச் சிம் இருந்திருக்கிறது.

*

காரில் அங்கிள் புலம்பிக்கொண்டே வந்தார். “நிரூபாவின்ரை தாய் கமலினியிட்டைப் போய், ‘நீங்கள்தான் அந்தச் சிம்மைப் பாவிக்கிறீங்கள்’ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? அந்த மனிசிக்கு ரோசம் வந்தால் இந்தக் கலியாணம் ரெண்டாந்தரமும் குழம்பிப்போகும்.”

“யாரும் சொல்ல வேண்டாம்” என்றார் மேடம். “அவங்களே சொல்லுவாங்க. நரேன், உன் வாய்க்கு இன்னிக்கு லீவு.”

பெண்டில் ஹில்லில் நிரூபா வீட்டுக்குப் போனபோது ஆறு ஆக இன்னும் கொஞ்சம் இருந்தது. கமலினி அன்ரி எங்களைக் குசினிக்கே, அதாவது சமையலறைக்கே, கூட்டிப்போனார். அடுப்பில் தேநீர். அதற்குப் பக்கத்தில், சீனி பாட்டிலில் சாய்ந்தபடி ஒரு கறுப்பு டேப்லெட். அதில் ஒரு மாமியார் மருமகளைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். டேப்லெட்டின் முதுகில் காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்தது.

வாசற்படியில் நிரூபா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெஸ்ட்மீட்டில் ஃபிசியோதெரபிஸ்ட். அழுதிருக்கிறார் என்று கண் சொன்னது.

“இருந்து தேத்தண்ணி குடியுங்கோ, அண்ணை” என்றார் அன்ரி தரகரிடம். “ஆனால் மறுமொழி மறுமொழிதான். ஆரின்ரையோ நெட்டைக் களவெடுத்து வீடியோ பாக்கிறவனுக்கு என்ரை பிள்ளையைக் குடுக்கேலாது.”

டேப்லெட்டில் மருமகள் விம்மினார். நான் நாக்கைக் கடித்த கடியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“நல்லா தெளிவா ஓடுதே அன்ரி” என்றார் மேடம், திரையைப் பார்த்து. “எங்க வீட்டுல கிச்சன்ல வைஃபை எடுக்கவே எடுக்காது.”

அன்ரியின் முகம் மலர்ந்துவிட்டது. “இஞ்சையும் எடுக்காது! பழைய போனில பாத்தால் சுத்திச் சுத்தி நிக்கும். இது பிள்ளையாருக்கு வைச்சு எடுத்தது, பிள்ளை. அண்டையில இருந்து ஒரு தரமும் நிண்டதில்லை. பின் வளவுத் தோட்டத்திலையும் வருது. பஸ்ஸிலையும் வருது!”

“பஸ்ஸிலயா?” என்று நிரூபா கையை அவிழ்த்தார். “அம்மா, எங்கட வைஃபை எப்பிடி பஸ்ஸில வரும்?”

“சாமி விஷயம், உனக்கு விளங்காது.”

“வெயிட். இதுக்கு வைஃபை பாஸ்வேர்ட் போட்டது ஆர்?”

“நீதானே எல்லாம் செட் பண்ணி வைச்சனீ?”

“நான் தொடவே இல்லை! நீங்கள் கடையில செய்து வாங்கினதெண்டெல்லோ நினைச்சனான்.”

“நான் பெட்டியைத் திறந்து நேரே கோயிலுக்குக் கொண்டுபோனனான். வந்து போட்டன், ஓடிச்சுது.”

நிரூபா டேப்லெட்டைக் கையில் எடுத்தார். மாமியாரும் மருமகளும் மறைந்து செட்டிங்ஸ் வந்தது. நான் தலையை நீட்டிப் பார்த்தேன். நான் தேடித் தேடிக் கிடைக்காத வரி அங்கே இருந்தது. அதைத் திறந்ததும் ஒரு நம்பர். நிரூபா அதை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாக வாசித்தார். கடைசி நான்கையும் அவரோடு சேர்ந்து முணுமுணுத்தார் சச்சிதானந்தன் அங்கிள்.

 அன்ரி நம்பரைப் பார்த்தார், தரகரைப் பார்த்தார், டேப்லெட்டின் முதுகிலிருந்த சந்தனத்தைப் பார்த்தார்.

“ஓ மை காட்” என்றார் நிரூபா. “அம்மா, யூ ஆர் த தீஃப்!”

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ஒரு வாரத்து அழுகை எல்லாம் அதில் போய்விட்டது. அன்ரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாவமாக இருந்தது எனக்கு. அடுத்த வார்த்தை யார் பேசினாலும் காரியம் கெட்டுவிடும் என்று பயந்தேன்.

பேசியவர் அங்கிள்தான். “தங்கச்சி, உங்களில ஒரு பிழையும் இல்லை. தட்டில மாறினது ஆரின்ரையும் பிழை இல்லை. ஒரு பொடியனைக் கேக்காமல் கொள்ளாமல் கள்ளன் எண்டு சொன்னது மட்டும்தான் பிழை. அது என்ரை.”

அங்கேயே போனை எடுத்தார். வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தார். “எல்லாருக்கும் வணக்கம். சச்சிதானந்தன் கதைக்கிறன்” என்று தொடங்கி, சுஜீதன் போட்ட சிம் ஒழுங்காகத்தான் இருக்கிறது, பிழையான டேப்லெட்டை வைத்துக்கொண்டு பழியைப் போட்டது நான்தான், அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மற்ற டேப்லெட் யார் வீட்டில் இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை. தரகருக்குத் தெரியாதா, எதைச் சொல்வது, எதை விடுவது என்று.

அன்ரி நெடுநேரம் தேநீரைக் கலக்கினார். பிறகு, “அப்ப குசினிக்குள்ள, வளவுக்குள்ள, பஸ்ஸுக்குள்ள, ஒரு தரமும் நிக்காமல் ஓடினது...” என்று இழுத்தார்.

“சுஜீதன் போட்ட சிம், அன்ரி” என்றார் மேடம்.

“ஞாயித்துக்கிழமை மட்டும் ஏன் அன்ரி பார்க்கல?” என்று கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“அண்டைக்கு சீரியல் இல்லையே, தம்பி.”

கலக்குகிற கரண்டி நின்றது. “கெட்டிக்காரப் பிள்ளைதான்” என்றார் அன்ரி. “நிரூபா, அவருக்குப் போன் அடி. இரவுச் சாப்பாட்டுக்கு இஞ்ச வரட்டாம்.”

ஐந்து நிமிடத்துக்கு முன் ‘களவெடுக்கிறவன்’ ஆக இருந்தவர் ‘அவர்’ ஆகிவிட்டார். நிரூபா ஏற்கெனவே போனைக் காதில் வைத்துக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடியிருந்தார்.

டேப்லெட்டுகள் கை மாறின. அங்கிள் தன் சாதகங்களை எல்லாம் அழித்துக் கொடுத்தார். அன்றைய சீரியல் முடியும்வரை யாரையும் அசைய விடவில்லை அன்ரி. முடிந்த பிறகுதான் மனமில்லாமல் தரகருடையதைக் கொடுத்துவிட்டு, தன்னுடையதை வாங்கித் தடவிப் பார்த்தார்.

“அண்ணை, சீதனம் அது இது எண்டு ஒரு பகுதியும் கேக்கேல்லை. இப்ப நான் ஒண்டே ஒண்டு கேக்கிறன். இதுக்கும் அதே மாதிரி ஒரு இ-சிம் போட்டுத் தரச் சொல்லுங்கோ மாப்பிள்ளையை. பஸ்ஸிலையும் வரவேணும்.”

அங்கிள் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் சீனி பாட்டிலைப் பார்த்தேன்.

“கட்டாயம் தங்கச்சி” என்றார் அங்கிள்.

வெளியே வந்து கார்க் கதவைத் திறக்கும்வரை நான் பொறுத்துக்கொண்டேன். “மேடம், அது வைஃபை மாடல். அதுல இ-சிம் போடவே முடியாது. இதை அன்ரிகிட்ட யார் சொல்றது?”

தெருமுனையில் ஒரு வெள்ளைக் கார் அவசரமாகத் திரும்பி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கினார் சுஜீதன். தலை வாரி, புதுச் சட்டை போட்டு, ஒரு கையில் இனிப்புப் பெட்டி, மறு கையில் ஸ்க்ரூ டிரைவர் பை. எங்களைக் கண்டதும் ஓடிவந்து மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைந்திருந்தது.

“உள்ள போங்க, சுஜீதன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது” என்றார் மேடம்.

“அன்ரி ஏதும் கேட்டவவோ அக்கா?”

“சின்னதா ஒண்ணு. உங்களுக்குக் கைவந்த வேலைதான்.”

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திய மேடம் என் பக்கம் சாய்ந்து சொன்னார்: “சீக்கிரம் வண்டியை எடு, நரேன். நம்ம கேஸ் முடிஞ்சுது. இனிமே அது மருமகன் கேஸ்.”